மாடிக்குத் தனி மீட்டர்

14.6.2025, சனி.

இன்று ஒரு தவறு தெரிந்தது. தவறு என்னுடையது. வீட்டுக் கரண்ட் மீட்டர்க் கணக்கை மே எட்டாம் தேதி காலையிலிருந்து எழுதி வருகிறேன். ஆனால் ரீடிங் எடுக்கிறவர் வந்து போனது ஆறாம் தேதி. நடுவில் ஓடிய இருபத்தொரு யூனிட் என் கணக்கில் இல்லை, மீட்டரில் இருக்கிறது. இதுவரை 312 என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் 333. ஆரம்ப இருப்பு தப்பானால் எல்லாமே தப்பு என்று ஹம்சவேணி மிஸ் முதல் நாளே சொல்லித் தந்தார். அதில்தான் கோட்டை விட்டிருக்கிறேன். நாளை எல்லாரிடமும் சொல்லணும். சொல்லாமல் விட்டால் ஜூலை வரை யாருக்கும் தெரியாது. அதனாலேயே சொல்லணும்.

எழுதி முடித்த பிறகும் சுபலட்சுமி பேனாவை மூடவில்லை. கடைசி வரி கொஞ்சம் பெரிய மனுஷத்தனமாகப் பட்டது. அடித்துவிடலாமா என்று யோசித்தாள். அடித்தால் சொல்லாமலே இருந்துவிடுவோமோ என்று பயந்து அப்படியே விட்டாள்.

அவள் சுபாவம் அது. எதையும் வரிசையாகச் செய்வாள். செய்து முடித்த பிறகு, சரியாகத்தான் செய்தோமா என்று தனியாக உட்கார்ந்து கலங்குவாள். பகலில் தல்லாகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. மாலையில் அதே தெருவில், மருந்துக்கடை மாடியில், ஹம்சவேணி மிஸ் நடத்தும் டேலி கணக்கு வகுப்பு. ஜெராக்ஸ் மெஷினுக்கு முன்னால் நின்றே காலம் போய்விடக் கூடாது, ஏதாவது கம்பெனியில் கணக்கு எழுதும் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் வைராக்கியம். வகுப்பு முடிந்து பஸ் பிடித்து ஒத்தக்கடையில் இறங்கி வீடு வந்து சேர ஒன்பது மணி ஆகிவிடும். வந்தால் தட்டில் சோறு இருக்கும். அந்தச் சோற்றை நம்பித்தான் வகுப்பே நடந்துகொண்டிருந்தது.

வீடு மாமனார் நல்லகாமன் கட்டியது. உசிலம்பட்டிப் பக்கம் இருந்த நிலத்தில் பாதியை விற்றுக் கட்டினார். மீதிப் பாதி குத்தகையில் இருந்தது. கீழே அவரும், மூத்த மகன் அழகுபாண்டியும், அவன் மனைவி ஜெயக்கொடியும், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும். மாடியில் இளையவன் முத்துக்குமரனும் சுபலட்சுமியும். மாடியில் படுக்கை அறையை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு. கொத்தனார் பிற்காலத்துக்கு ஆகட்டும் என்று அதில் மேடை கட்டி, குழாயும் வைத்துவிட்டுப் போனார். நல்லகாமன் அதற்குக் கதவைப் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். என் காலம் மட்டும் என் வீட்டில் ஒரே உலைதான் என்று கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் அவர் சொல்லாத ஆள் கிடையாது.

அந்த ஒரே உலையை அசைத்துப் பார்த்தது மே மாதத்துக் கரண்ட் பில்.

அறுநூற்று நாற்பது யூனிட். தொகை மூவாயிரத்துச் சொச்சம். அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அழகுபாண்டி போனில் வந்த பில்லை எல்லாருக்கும் காட்டினான். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குச் சரக்கு ஏற்றும் வேன் அவனுடையது. விடியுமுன் எழுந்து போகிறவன், சாப்பிட்டதும் தூங்கிவிடுவான். அன்று தூங்கவில்லை. யார் ஓட்டினார்கள், எது ஓடியது என்று பேச்சு வளர்ந்தது. மாடியில் ஏ.சி. இருக்கிறது என்று அவன் சொன்னான். கீழே ஃப்ரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர், பிள்ளைகளுக்கு டி.வி. எல்லாம் இருக்கிறதே என்று முத்துக்குமரன் சொன்னான். அப்போதுதான் ஜெயக்கொடி, தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, மெதுவாக அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"பேசாம மாடிக்குத் தனி மீட்டர் போட்டுரலாம் மாமா."

கேட்பதற்குச் சாதாரணமான பேச்சு. கரண்ட் பில் கணக்கு தெரிந்தவர்கள் யாரும் அதைத்தான் சொல்வார்கள். இரண்டு மாதத்து யூனிட்டையும் சேர்த்துத்தான் பில். முதல் நூறு யூனிட் இலவசம். ஐந்நூறுக்குள் நின்றால் ஒரு விலைப் பட்டியல். ஐந்நூற்றுக்கு மேல் ஒரு யூனிட் ஓடினாலும் வேறு பட்டியல். அதில் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே சலுகையில் கிடந்த யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். அதற்கு மேல் படிக்குப் படி விலை கூடிக்கொண்டே போகும். ஏழு பேர் சேர்ந்து ஓட்டினாலும் மீட்டருக்கு அது ஒரே வீடு. இதையே இரண்டு மீட்டரில் பிரித்தால் இரண்டு நூறு இலவசம். இரண்டு பக்கமும் கீழ்ப்படியிலேயே நின்றுவிடலாம். அன்று ராத்திரியே சுபலட்சுமி தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஜெயக்கொடி சொன்னது சரிதான். பில் பாதியாகக் குறையும்.

சரியாக இருந்ததுதான் அவளைக் கலக்கியது.

முத்துக்குமரன் கரண்ட் ஆபீஸில் போய் விசாரித்துவிட்டு வந்தான். இரண்டாவது மீட்டர் வேண்டுமானால் மாடியில் தனிக் குடும்பம் இருக்க வேண்டும், தனிச் சமையல் இருக்க வேண்டும், ஆள் வந்து பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். சும்மா ஒரு அடுப்பை வைத்துக் காட்டிவிட்டு எடுத்துவிடலாமே என்று அழகுபாண்டி கேட்டான். நல்லகாமனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பொய்க்கு வச்சாலும் அடுப்பு அடுப்புதான்டா. ரெண்டாவது அடுப்பு ஏறுன வீட்டுல அது எறங்கி நான் பாத்ததில்ல."

பிறகு அவரே கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்தார். வெட்டிக்குக் காசைக் கொட்டவும் அவருக்கு மனசில்லை. இன்னும் ஒரு பில் பார்ப்போம், அடுத்ததும் ஐந்நூற்றைத் தாண்டினால் சாவியை நானே கொடுத்துவிடுகிறேன் என்றார்.

அன்றைக்கு எழுந்து நின்று, "நான் குறைச்சுக் காட்டுறேன் மாமா" என்று சொன்னவள் சுபலட்சுமி. வீடே அவளைப் பார்த்தது. இளைய மருமகளுக்குக் கூட்டுக் குடும்பத்தின் மேல் இம்புட்டுப் பிரியமா என்று நல்லகாமனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீருக்குத் தான் லாயக்கில்லை என்று அவளுக்குத் தெரியும். மாடியில் அடுப்பு ஏறினால் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் அந்த அடுப்புக்கு முன்னால் நிற்க வேண்டும். ஆறு மணிக்கு அங்கே நின்றால் டேலி வகுப்பில் யார் உட்காருவது? வகுப்பை விட மாட்டேன் என்பதுதான் அவள் தீர்மானம். ஒரே உலை என்பது அதற்குப் போர்த்திய துணி.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாட்குறிப்பில்கூட, 'காரணம் வேறு' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

*

ஒரே மீட்டரில் ஐந்நூறுக்குள் நிறுத்திவிட்டால், தனி மீட்டர் போட்டுக் கிடைக்கும் லாபத்துக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். கணக்கு அவளுக்கு அந்த வழியைக் காட்டியிருந்தது. ஒரு மாதமாக அதற்காக வீட்டையே வரிசைப்படுத்தினாள். மாடித் தொட்டி நிரம்பி, தண்ணீர் தெருவில் விழுகிற சத்தம் கேட்டுத்தான் அந்த வீட்டில் மோட்டாரை நிறுத்துவது வழக்கம். மிதவை வைத்து அதைத் தானாக நிற்கச் செய்தாள். பிள்ளைகளின் யூனிஃபார்மை வாரத்துக்கு ஒரே தடவை மொத்தமாக இஸ்திரி போட வைத்தாள். சுவரோடு ஒட்டி நின்ற ஃப்ரிட்ஜை ஒரு முழம் முன்னால் இழுத்தாள். ஏ.சி. அறை குளிர்ந்ததும் நிற்கும், பிறகு ஃபேன்தான். முத்துக்குமரன் பாதித் தூக்கத்தில் எழுந்து ரிமோட்டைத் தேடுவான். அது அவள் தலையணைக்கு அடியில் இருக்கும்.

"ஊர்ல மருமக வந்தா வெளக்கு ஏத்துவாக. நமக்கு வந்தது பூராத்தையும் அணைக்குது" என்று நல்லகாமன் டீக்கடையில் சொல்லிச் சிரித்தாராம். பெருமையாகத்தான் சொன்னார் என்று முத்துக்குமரன் சொன்னான்.

இந்த நிலையில்தான் அந்த இருபத்தொரு யூனிட்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாரும் இலையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னாள்.  போன தடவை ரீடிங் எடுத்த தேதியைப் பார்க்காமல், நான் எழுத ஆரம்பித்த தேதியிலிருந்து கூட்டிவிட்டேன் என்றாள். இனி ஜூலை ஆறாம் தேதி ரீடிங் வரை ஒரு நாளைக்கு ஏழரை யூனிட்டுக்கு மேல் ஓடக் கூடாது, இப்போது எட்டரை ஓடுகிறது என்றாள்.

அழகுபாண்டி எலும்பைக் கடித்துக்கொண்டே, "கணக்குப் படிக்கிற ஆளே தப்பா எழுதுனா நாங்கல்லாம் என்னத்தா செய்யிறது" என்றான். முத்துக்குமரனுக்குக் கோபம் வந்தது. அவ சொல்லலைன்னா உனக்குத் தெரியுமா அண்ணே என்று கேட்டான். நல்லகாமன் இரண்டு பேரையும் சாப்பிடச் சொன்னார்.

ஜெயக்கொடி குழம்புச் சட்டியோடு கிட்டே வந்தாள். சுபலட்சுமியின் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டு, "ஏழரைக்குள்ள வராது சுபா. தனி மீட்டர்தான் சரி" என்றாள். அதில் குத்தலும் இல்லை, கேலியும் இல்லை. அலுப்பு மட்டும்தான் இருந்தது. அந்த அலுப்பு எதற்கு என்று சுபலட்சுமிக்கு அப்போது விளங்கவில்லை.

*

எட்டரையில் ஒரு யூனிட்டை எங்கே வெட்டுவது? அதற்கு முதலில் அது எங்கே ஓடுகிறது என்று தெரிய வேண்டும். அதுவரை தினம் ஒரு தடவை மீட்டர் பார்த்தவள், திங்கட்கிழமையிலிருந்து இரண்டு தடவை பார்த்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒன்று, ராத்திரி வீட்டுக்குள் நுழையும்போது ஒன்று. டார்ச் அடித்து, மீட்டர் மாற்றி மாற்றிக் காட்டும் எண்களில் சரியான எண் வரும்வரை காத்திருந்து எழுதினாள்.

மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. ராத்திரியில், ஏ.சி. ஓடியும்கூட, கம்மிதான். பகலில்தான் மீட்டர் ஓடியது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், அது விட்டால் டியூஷனில், ஆண்கள் வேலையில், மாமனார் சாயங்காலமானால் டீக்கடையில். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் ஆள் ஜெயக்கொடி மட்டும்தான்.

'அக்கா வேண்டுமென்றே ஓட்டுகிறாளோ. ஐந்நூற்றைத் தாண்ட வைக்க' என்று புதன்கிழமை எழுதினாள். எழுதியதைப் படித்ததும் முகம் சூடாகிவிட்டது. கோடு போட்டு அடித்தாள். அடித்த பிறகும் எழுத்து தெரிந்தது. அதன் மேல் கறுப்பாகத் தேய்த்தாள்.

ஆனால் சந்தேகம் தேயவில்லை.

வெள்ளிக்கிழமை, வகுப்பு ஆரம்பித்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள். கடையிலிருந்து ஐந்து மணிக்கே அனுமதி கேட்டுப் புறப்பட்டு, வகுப்புக்குப் போகாமல் பஸ் ஏறினாள். ஹம்சவேணி மிஸ்ஸுக்கு வீட்டில் வேலை என்று செய்தி அனுப்பினாள். அது பொய்யில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வகுப்பைக் காப்பாற்றுவதற்காக ஒரு வகுப்பைத் தொலைக்கிறோம், அதுவும் கூடப் பிறக்காத அக்காவை வேவு பார்க்க. பஸ் மாட்டுத்தாவணியைத் தாண்டும்வரை இறங்கித் திரும்பிவிடலாமா என்று மூன்று நான்கு தடவை நினைத்தாள். இறங்கவில்லை. பார்த்துத்தான் ஆக வேண்டும்.

கேட்டைச் சத்தமில்லாமல் திறந்து, முதலில் மீட்டரைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு படபடவென்று கண் சிமிட்டியது. இம்புட்டு வேகத்தில் அது சிமிட்டி அவள் பார்த்ததே இல்லை. கதவைத் தள்ளினாள்.

நடுக்கூடத்தில், ஃபேனுக்கு நேர் கீழே, தரையில் இண்டக்ஷன் அடுப்பு. அதன் மேல் பெரிய பானையில் சோறு கொதித்தது. பக்கத்தில் ஜெயக்கொடி சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி நிமிர்ந்தவள், சுபலட்சுமியைப் பார்த்ததும் முதலில் அடுப்பைத்தான் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

"மாமா வாராரா?"

"இல்லக்கா. நான் மட்டும்தான்."

ஜெயக்கொடி மூச்சு விட்டாள். "என்ன, கிளாஸ் இல்லையா?"

இருக்கிறது, போகவில்லை என்றாள் சுபலட்சுமி.  அந்த அடுப்பை அவளுக்குத் தெரியும். ஜெயக்கொடியின் தம்பி வாங்கிக் கொடுத்தது. பரணில் அட்டைப் பெட்டியோடு இருப்பதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். தினம் இப்படியா என்று கேட்டாள். ரெண்டு மாசத்துக்கு மேலேயே என்று ஜெயக்கொடி சொன்னாள். மாமனார் வருமுன் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றிவிடுவாளாம். நடுவீட்டில் இன்னொரு அடுப்பைப் பார்த்தால் அவர் என்ன பேசுவார் என்று யாருக்குத் தெரியாது?

"அப்ப இதுதான்க்கா ஓடுது. ரெண்டு யூனிட்டு. தெனமும்."

சொன்ன பிறகுதான், போலீஸ்காரன் மாதிரிப் பேசிவிட்டோமோ என்று சுபலட்சுமிக்குப் பட்டது. ஜெயக்கொடி கத்தியைக் கீழே வைத்தாள்.

"இங்க வா" என்று எழுந்து, அவளை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அறைந்தது. ஃபேன் கிடையாது. இருக்கிற ஒரே ஜன்னலை ஒட்டி, தரையிலிருந்து மேல் சட்டம் வரை நெல் மூட்டைகள். குத்தகைக்காரர் வருஷா வருஷம் கொண்டுவந்து போடும் நெல். வீட்டு நெல் அடுப்படியில்தான் இருக்க வேண்டும் என்று நல்லகாமனே முன்னால் நின்று அடுக்கியது. ஒரே உலைக்கான அரிசி முழுக்க அந்த ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது.

"இதுக்குள்ள சாயங்காலம் ஒரு மணி நேரம் நின்னு பாரு. ஏழு பேருக்குச் சோறு, குழம்பு, பிள்ளைகளுக்குத் தனியா காரமில்லாம. போன சித்திரையில தலை சுத்தி இந்தா, இந்த மேடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தேன். ஒரு பய பாக்கல. அன்னைக்குத்தான் அடுப்பைப் பரண்லருந்து எறக்குனேன். ஃபேனுக்கு அடியில வச்சா காத்தாவது வருது."

காலையில் சுபலட்சுமி காய் நறுக்குவாள், பாத்திரம் கழுவுவாள். அப்போது இந்த அடுப்படி இப்படி இருக்காது. சாயங்கால அடுப்படியை அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்ததே இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்குத் தட்டில் வந்து சேரும் சோறு எங்கே வெந்தது என்று கேட்டதும் இல்லை.

"மாமாட்ட சொல்லியிருக்கலாம்லக்கா."

"என்னன்னு சொல்ல? எனக்கு முடியலைன்னா, சமைக்க வலிக்குதானு கேப்பாரு. தனியாப் போறேன்னா, குடும்பத்தைப் பிரிக்க வந்தவளும்பாக. தனி மீட்டர்னா யாரும் எதுவும் சொல்ல மாட்டாக. கணக்குக்கும் சரியா வருது." ஜெயக்கொடி மூட்டையில் சாய்ந்தாள். "நான் என்ன கரண்டுக்காகவா மீட்டர் கேட்டேன்?"

 ஒன்றரை மாதமாகச் சுபலட்சுமி யூனிட் யூனிட்டாக எண்ணியிருக்கிறாள். மோட்டாரை எண்ணினாள், ஃப்ரிட்ஜை எண்ணினாள், புருஷன் தூக்கத்தை எண்ணினாள். மீட்டர் என்று அக்கா சொன்ன இடத்திலெல்லாம் அடுப்பு என்று வாசிக்க அவளுக்குத் தோன்றவில்லை. தேதியில் விட்ட இருபத்தொரு யூனிட்டைவிட இது பெரிய விட்டுப்போதல்.

சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. யோசித்தால் சொல்ல மாட்டோம் என்று தெரிந்து, யோசிக்காமல் சொன்னாள்.

"நானும் ஒரே உலைக்காக இதைச் செய்யலக்கா. மாடியில அடுப்பு வந்தா எனக்கு கிளாஸ் போயிரும். அதுக்காகத்தான்."

 ஜெயக்கொடி சிரித்துவிட்டாள். "அடிப்பாவி. அன்னைக்கு எந்திரிச்சு நின்ன நிலையப் பாத்து மாமா கண்ணுல தண்ணி விட்டாரே."

"அதான்க்கா எனக்குத் தூக்கமே இல்ல."

"எம்புட்டு நாளு கிளாஸ்?"

"கார்த்திகை வரைக்கும். பரிச்சை இருக்கு. அதுக்கப்புறம் வேலை கெடச்சா, சாயங்காலம் ஆறு ஆறரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துருவேன்."

கூடத்தில் பானை பொங்கி அடுப்பின் மேல் வழிந்தது. இரண்டு பேரும் ஓடினார்கள். கஞ்சியைத் துடைத்துக்கொண்டே பேசினார்கள். பேரம் என்று சொல்ல முடியாது, ஆனால் பேரம்தான். காலைச் சமையல் முழுக்க இனி சுபலட்சுமியுடையது. விடியுமுன் அழகுபாண்டி வேன் எடுக்கிற சத்தத்துக்கு அவளும் எழுந்துவிடுவாள். காலையிலேயே இரண்டு வேளைக்கும் சேர்த்துக் குழம்பு வைத்துவிடுவாள். ராத்திரிக்கு ஜெயக்கொடி சோறு வடித்தால் போதும், இல்லையென்றால் தோசை. ஞாயிற்றுக்கிழமை ஜெயக்கொடி அடுப்படிப் பக்கமே வரக் கூடாது. இதை ஜெயக்கொடிதான் இரண்டு தடவை சொல்லி உறுதி வாங்கினாள்.

"ஆனா இந்த வெக்கையில சோறு வடிக்கிறதும் முடியாது. சொல்லிட்டேன்" என்றாள் கடைசியில்.

"ஜன்னலைத் தெறந்துருவோம்க்கா."

"மூட்டையை யாரு எடுக்கச் சொல்றது? ஒனக்குத் துணிச்சல் இருக்கா?"

துணிச்சல் இல்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. இண்டக்ஷனைப் பெட்டியில் வைக்கப் போன ஜெயக்கொடியை அவள் தடுத்தாள். அது கூடத்திலேயே இருக்கட்டும், மாமா பார்க்கட்டும் என்றாள்.

*

நல்லகாமன் டீக்கடையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, கூடத்தில் ஒரு கால் வைத்தவர் அப்படியே நின்றார். அடுப்பைப் பார்த்தார். இரண்டு மருமகள்களையும் பார்த்தார். இளையவள் இந்த நேரத்தில் வீட்டில் இருப்பது அடுப்பைவிட அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

"என்னாத்தா இது, நடுவீட்டுல?"

சுபலட்சுமி வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். பகல் ரீடிங், ராத்திரி ரீடிங், இரண்டு யூனிட். பாதியில் அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கணக்கை விட்டாள். "அடுப்படிக்குள்ள நிக்க முடியல மாமா. ஜன்னல் தெறக்கணும். அக்காவுக்குத் தலை சுத்தி உக்காந்துருக்காங்க" என்று மட்டும் சொன்னாள்.

நல்லகாமன் ஜெயக்கொடி பக்கம் திரும்பினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அடுப்படிக்குள் போனார்.  வெளியே வரும்போது நெற்றி வேர்த்திருந்தது. அந்த நேரத்தில் அந்த இடத்தில் அவரும் நின்றதில்லை என்று அந்த முகம் சொன்னது. ஆனால் வாய் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டு நெல்லை வெளியில் வைத்தால் எலி தின்றுவிடும், மழை வந்தால் நனையும், எங்கே கொண்டுபோய் வைப்பது என்று வரிசையாகத் தடை சொன்னார். அதற்குள் முத்துக்குமரனும் வேலையிலிருந்து வந்துவிட்டான். வண்டிச் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு, நடப்பது புரியாமல் நின்றான்.

"மாடிச் சின்ன ரூம்ல வைக்கலாம் மாமா" என்றாள் ஜெயக்கொடி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். தனி மீட்டருக்கு அடுப்பு வைக்க வேண்டிய அறை அது.

நல்லகாமன் இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அங்க மூட்டையைப் போட்டா, அப்பறம் அடுப்பு வைக்க எடம் இருக்காதேத்தா."

"இருக்காதுதான்" என்றாள் ஜெயக்கொடி.

அவர் முடிச்சை அவிழ்த்தார். நேரமாயிற்று. முடிச்சு இறுகிக் கிடந்தது. சாவியை ஜெயக்கொடியின் கையில்தான் கொடுத்தார். பிறகு சுபலட்சுமியிடம், ஐந்நூற்றைத் தாண்டினால் என்ன செய்வது என்று கேட்டார். பழைய பேச்சு பேச்சுதான் என்று அதில் ஒரு கறார் இருந்தது.

"தாண்டாது மாமா" என்றாள். சொன்ன உடனேயே உள்ளுக்குள் ஒரு குரல், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டது. அந்தக் குரலை அவள் அப்படியே கேட்கவிட்டாள். வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை.

முத்துக்குமரனுக்கு இப்போதுதான் ஒன்று உறைத்தது. "அம்புட்டு மூட்டையையும் மாடிக்கு யாரு தூக்குறது?"

மூன்று பேரும் அவனையே பார்த்தார்கள். அவன் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினான்.

*

20.6.2025, வெள்ளி.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. பாடத்தைத் திங்கட்கிழமை மிஸ்ஸிடம் கேட்டு எழுதிக்கொள்ளணும். ஏன் வரவில்லை என்று கேட்டால் உள்ளதைச் சொல்லணும்.

காலை, ராத்திரி ரீடிங் எடுத்தாயிற்று. இண்டக்ஷன் நின்றால் ஐந்நூறுக்குள் நிற்கும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் கேஸில் சமைத்தால் சிலிண்டர் சீக்கிரம் தீரும். அதைக் கூட்டாமலேயே மாமாவிடம் பேசிவிட்டேன். சிலிண்டர் மாற்றும் தேதியையும் இனி எழுதணும். ரீடிங் எடுக்கிறவர் இரண்டு நாள் தள்ளி வந்தாலும் கணக்கு நிற்கிற மாதிரி கொஞ்சம் கையிருப்பு வைக்கணும்.

புதன்கிழமை எழுதி அடித்ததை அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லணுமா என்று தெரியவில்லை.

நாளை, சனி: அக்கா வீட்டுக்காரர் வேன் எடுக்கும்போது எழுந்து, குழம்பு இரண்டு வேளைக்கும் வைக்கணும். உப்பு அக்கா பார்க்கணும். பிறகு என் வீட்டுக்காரரை எழுப்பி, மூட்டைகளை மாடிக்கு ஏற்றணும். ஜன்னல் கொண்டி துருப்பிடித்திருக்கும், தேங்காயெண்ணெய் விட்டுத் திறக்கணும்.